படம் வந்துவிட்டது, தேதி வரவில்லை: கிளவுட்டைவிட்டு வெளியேறிய வேலைக் குறிப்பு

கடைசிக் கோப்புவரை சரிபார்த்து முடித்து, என் படங்கள் இருந்த கிளவுட் (இணையச் சேமிப்பு) கணக்கின் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். 412 ஜிபி, ஏறத்தாழ 61,000 கோப்புகள். எல்லாம் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஆண்டு, மாதம் வாரியாக இருக்கின்றன. எந்தக் கணினியில் செருகினாலும், யாருடைய கணக்கிலும் நுழையாமல் திறக்கின்றன. இதை ஒரு பெரிய பதிவிறக்க வேலை என்றுதான் எண்ணி ஆரம்பித்தேன். பதிவிறக்கம் மொத்த உழைப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மற்றதெல்லாம் தேதிகளோடு நடந்த மல்லுக்கட்டு.

இந்தப் படங்களில் எதுவும் நான் கேட்டு மேலே போனதல்ல. புதுக் கணினியை முதன்முதலில் இயக்கியபோது வந்த திரைகளில் ஒன்றில், கோப்புகளைப் பாதுகாக்க ஒரு பெரிய பொத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கான வரி அதன் கீழே வெளிறிய நிறத்தில், படிக்கக் கூடாது என்றே அச்சிட்டதுபோல் கிடந்தது. அன்றிலிருந்து என் ‘படங்கள்’ கோப்புறை இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தோன்றினாலும், உள்ளுக்குள் கிளவுட் கோப்புறைக்கு இடம்மாறியிருந்தது. போனில் வேறொரு சேவை இதே வேலையைத் தன் பங்குக்குச் செய்துகொண்டிருந்தது. இவை போதாதென்று, சில ஆண்டுகள் பயன்படுத்திய ஒரு படத் தொகுப்பு மென்பொருள், ‘இறக்குமதி’ என்ற பெயரில் ஒவ்வொரு படத்தையும் தன் பெட்டகத்துக்குள் இன்னொரு பிரதி எடுத்துவைத்திருந்தது. ஆக ஒரே படம் மூன்று இடங்களில். எது மூலப்படம் என்று எந்த இடமும் சொல்லாது.

இந்தச் சேவைகள் முகங்களைத் தானாகப் பிரித்து ‘இவர் யார்?’ என்று கேட்பதையும், பழைய படங்களை எடுத்து இசை சேர்த்து நீட்டுவதையும்கூடச் சகித்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் ஒரே ஒதுக்கீடு. படங்கள் அதை நிரப்பிவிட்டதால் இனிக் கடிதம் வராது, கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று எச்சரிக்கை வந்த பிறகுதான் வேலையில் இறங்கினேன். நான் கேட்காமல் எடுத்துக்கொண்டு போன பொருளுக்கு என்னிடமே வாடகை.

மூலப்படம் எங்கே இருக்கிறது

முதலில் செய்யவேண்டியது கண்டுபிடிப்பு, அகற்றல் அல்ல. கணினியில் ஒரு கோப்பை வலச் சொடுக்கிப் பண்புகளைப் பார்த்தால் இரண்டு அளவுகள் தெரியும்: கோப்பின் அளவு ஒன்று, வட்டில் அது பிடித்திருக்கும் இடம் இன்னொன்று. என் கோப்புகளில் பாதிக்கு மேல் முதல் எண் 5 எம்பி, 7 எம்பி என்றிருக்க, இரண்டாவது பூஜ்யமாக இருந்தது. அதாவது அவை வெறும் பெயர்ப்பலகைகள். சிறுபடம் தெரியும், சொடுக்கினால் இணையத்திலிருந்து இறங்கி வரும். இணைப்பு இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும். இந்த நிலையில் கோப்புறையை அப்படியே வெளி வட்டுக்கு நகலெடுத்தால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவிறக்கம் தொடங்கி, இணைப்பு தடுமாறும் இடத்தில் நின்றுவிடும். எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாமல் போகும்.

போனிலும் இதே சங்கதிதான். ‘இடத்தை மிச்சப்படுத்து’ என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் போனில் இருப்பது திரைக்குப் போதுமான சிறு நகல் மட்டுமே. மூலம் மேலே இருக்கும். கேபிள் வழியே எடுத்து நிம்மதியாக இருந்துவிட்டால், ஆண்டுகள் கழித்து அச்சிடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது சோதனை, மேலே போன படம் போனபடியே இருக்கிறதா என்பது. என் கேமராவின் பழைய நினைவக அட்டையில் சில மூலப்படங்கள் மிச்சமிருந்தன. அவற்றின் கிளவுட் பிரதிகளை இறக்கி ஒப்பிட்டேன். அட்டையில் 6.2 எம்பி இருந்த ஒரு படம் கிளவுட்டிலிருந்து 1.9 எம்பியாக வந்தது. தரத்தைக் குறைத்துச் சேமிக்கும் தெரிவு முன்னிருப்பாகவே இருந்திருக்கிறது. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் இலைகளின் ஓரமும் தலைமுடியும் மெழுகாகிப் போயிருப்பது தெரியும். இதற்கு மருந்து இல்லை. பழைய அட்டைகள், பழைய மடிக்கணினி, யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்புகள் என்று எங்கெல்லாம் மூலம் கிடைக்குமோ அங்கெல்லாம் தேடிச் சேர்த்துக்கொள்வது ஒன்றே வழி. கிளவுட்டைத் தொடும் முன்பே இந்தத் தேடலை முடித்துவிட வேண்டும்.

ஒத்திசைவை நிறுத்துதல்

காப்புப் பிரதி வேறு, ஒத்திசைவு வேறு. காப்புப் பிரதியில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் இருக்கும். ஒத்திசைவில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். இந்தச் சேவைகள் முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதைத் தருகின்றன. போனில் இடம் வேண்டுமென்று படங்களை அழித்து, மேலேயும் சேர்த்து இழந்தவர்கள் ஏராளம். எனவே வேலை முடியும்வரை எந்தப் பக்கத்திலும் எதையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கணினியில் ஒத்திசைவை நிறுத்தியதும் ‘படங்கள்’ கோப்புறை வெறுமையாகிவிட்டது. உள்ளே ‘உங்கள் கோப்புகள் எங்கே’ என்று ஒரு குறுக்குவழி மட்டும். எதுவும் தொலையவில்லை. கோப்புகள் கிளவுட் கோப்புறையிலேயே தங்கிவிட்டன, பழைய பெயர் மட்டும் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் அந்த வெறுமையைப் பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கும். நிறுத்துவதற்கு முன் கிளவுட் கோப்புறை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ‘இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு’ என்று சொல்லி, வட்டு அளவு எண் கோப்பு அளவைத் தொடும்வரை காத்திருந்து, வெளி வட்டுக்கு நகலெடுத்த பிறகு நிறுத்துவது சரியான வரிசை.

இறக்குதல்

போன் சேவையில் இணையப் பக்கத்திலிருந்து படங்களைத் தேர்ந்தெடுத்து இறக்கும் வழி சில நூறு படங்களுக்குச் சரி. பல்லாயிரத்துக்கு அது உதவாது. மொத்த ஏற்றுமதிக்குக் கோரிக்கை வைக்க வேண்டும். அவர்கள் எல்லாவற்றையும் ஜிப் பொதிகளாகக் கட்டி, தயாரானதும் இணைப்பு அனுப்புவார்கள். பொதியின் அளவை நாமே தேர்ந்தெடுக்கலாம். 2 ஜிபி என்று கொடுத்தால் இருநூறு பொதிகளைத் தனித்தனியாகச் சொடுக்க வேண்டும். 50 ஜிபி என்றால் ஒன்பது. ஆனால் 50 ஜிபி பொதி நடுவில் அறுந்தால் இழப்பும் பெரிது. 10 ஜிபி நடுவாந்தரமாகத் தோன்றியது. ஒன்று உடைந்தாலும் மறுபடி இறக்க மனம் வெறுக்காத அளவு. இணைப்புகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், தடையின்றி இறக்கும் சூழல் அமைந்த பிறகு கோரிக்கை வைப்பது நல்லது.

நேரக் கணக்கை முன்பே போட்டுக்கொண்டேன். நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு ஆறே கால் மெகாபைட். 412 ஜிபிக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குமேல், அதுவும் முழு வேகம் தொடர்ந்து கிடைத்தால். அடுத்து வட்டு. பழைய யுஎஸ்பி 2.0 துளையில் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி அளவுக்குத்தான் போகும். மூன்றே கால் மணி நேரம். அதே வட்டை யுஎஸ்பி 3.0 துளையில் செருகினால் பெரிய கோப்புகள் 110 எம்பி வேகத்தில் போகின்றன. சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் போகும்போது இரண்டிலும் வேகம் இறங்கிவிடும். ஆகவே பொதியாகவே நகர்த்தி, சேருமிடத்தில் பிரிப்பது மேல்.

வட்டை ஃபேட்32 முறையில் வடிவமைத்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பும் அதில் ஏறாது. நீளமான காணொளிகளும் இந்த ஜிப் பொதிகளும் அங்கே சிக்கும். பல கணினிகளில் செருக வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் முறை போதும். புது வட்டு வாங்கியதும் படங்களை ஏற்றும் முன் வட்டு தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீள் சோதனையை ஓடவிட்டேன். பல மணி நேரம் பிடிக்கும், ஓடட்டும். குறையுள்ள புது வட்டு வெறுமையாக இருக்கும்போதே மாட்டிக்கொள்வது நல்லது.

இடத்தைக் கணக்கிடும்போது 1 டிபி தாராளம் என்றுதான் தோன்றும். பெட்டியில் 1 டிபி என்று எழுதியிருப்பதைக் கணினி 931 என்று காட்டும், அது வேறு. பொதிகள் 412, பிரித்த கோப்புகள் 412, அதன்மேல் கீழே சொல்லப்போகும் ஒரு காரணத்தால் இன்னொரு மடங்கு. வட்டு வேலையின் நடுவில் நிரம்பி நின்றது. சேமிக்கப்போகும் அளவைப்போல் மூன்று மடங்கு இடம் வேலை வட்டில் வேண்டும்.

பிரித்தல், பெயர்கள்

இறங்கிய பொதிகளுக்கு முதலில் ஷா-256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு ஒரு உரைக் கோப்பில் எழுதி வைத்தேன். பொதிக்கு 64 எழுத்துகொண்ட ஒரு வரி. பின்னால் எந்தக் கட்டத்தில் சந்தேகம் வந்தாலும், பொதி நான் இறக்கியபோது இருந்ததுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். பொதிகளின் இன்னொரு பிரதியைப் படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக மாற்றி இரண்டாவது வட்டில் ஒதுக்கி வைத்துவிட்டேன். எல்லாச் சித்திரவதையும் பிரித்த பிரதியின் மேல்தான்.

பொதிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் கோப்புறைகளில் பிரிக்கக் கூடாது. ஒரு படம் மூன்றாம் பொதியிலும் அதன் தேதி, குறிப்பு முதலியவை கொண்ட தகவல் கோப்பு ஏழாம் பொதியிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறை மரத்துக்குள் கொட்ட வேண்டும்.

தமிழில் ஆல்பப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. ‘தோட்டம்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஆனால் கணினிக்கு வெவ்வேறு. ‘ோ’ குறியை யுனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையில்) ஒரே குறியீடாகவும் எழுதலாம். ‘ே’, ‘ா’ என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ஒன்றுக்கொன்று சமம் என்று யுனிகோடு சொன்னாலும், கோப்பு முறைமைகள் சில இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கின்றன. வேறுவேறு கணினிகளில் பெயரிட்ட ஆல்பங்கள் ஒன்றுசேரும்போது இப்படிப் பிளவுபடும். ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ வரும் எல்லாப் பெயர்களும் இதில் சேரும். பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சின்ன ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய கோப்பை) ஓட்டி, இரட்டைக் கோப்புறைகளை இணைத்தேன். இன்னொன்று: லினக்ஸில் வழக்கமாக ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறியீடுகள் என்பதால், பெயராக ஒரு முழு வாக்கியம் எழுதும் பழக்கம் இருந்தால் சுவரில் முட்டும்.

தேதிகள்

இப்போது உண்மையான வேலை. படம் எடுத்த நாள், நேரம், கேமரா, இடம் எல்லாம் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற பகுதியில் எழுதப்படுகின்றன. 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்த முறை இது. இன்றுவரை எல்லாக் கேமராவும் போனும் இதைப் பின்பற்றுகின்றன. கேமராவிலிருந்து நேரே போன படங்களுக்கு இந்தத் தகவல் பத்திரமாகத் திரும்பிவந்தது. சிக்கல் மற்றவற்றில். சேவையின் பக்கத்தில் நான் கையால் திருத்திய தேதிகள், எழுதிய குறிப்புகள், குறித்த இடங்கள் எதுவும் படத்துக்குள் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசான் என்ற வகையில் ஒரு தகவல் கோப்பு, எல்லாம் அதற்குள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர், ஓரத்தில் நாம் எழுதிய குறிப்புகளை மட்டும் தனித்தனித் துண்டுச்சீட்டுகளாகக் கையில் கொட்டியதைப்போல.

பிரித்த கோப்புகளின் மாற்றத் தேதியோ ஏற்றுமதி நாளைக் காட்டியது. எக்ஸிஃப் இல்லாத படத்துக்குப் பார்வை மென்பொருள்கள் அந்தத் தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். விளைவாக, கறுப்பு வெள்ளை ஸ்கேன்கள் எல்லாம் நேற்று எடுத்த படங்களாக வரிசையின் தலையில் வந்து உட்கார்ந்தன.

இதற்கான கருவி எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி என்பவர் 2003இலிருந்து எழுதிவரும் இலவச நிரல். சாளரம், பொத்தான் எதுவும் கிடையாது, கட்டளை வரிதான். ஆனால் இந்தத் துறையில் அதற்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை. ஜேசான் கோப்பையும் வாசிக்கும். அதிலுள்ள தேதியைப் பக்கத்துப் படத்துக்குள் எழுதும். அப்படி எழுதும் முன் பழைய கோப்பைப் பெயர் மாற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். நல்ல பழக்கம்தான், ஆனால் அறுபதாயிரம் கோப்புக்கு அந்தப் பழக்கம் இன்னொரு 400 ஜிபியைக் கேட்கும். வட்டு நிரம்பியது இதனால். பொதிகள் தனியே பத்திரமாக இருப்பதால், மேலெழுதும் தெரிவைக் கொடுத்துத் தொடர்ந்தேன். அதைவிட முக்கியமான நிபந்தனை: ஏற்கெனவே எடுத்த தேதி உள்ள கோப்பைத் தொடாதே. கையால் தேதி திருத்திய சிலவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொட வேண்டிய கோப்புகள் இதனால் ஏழில் ஒரு பங்காகக் குறைந்தன.

தேதி உள்ளதைத் தொடாதே என்பதற்குக் காரணம் நேர வலயம். ஜேசானில் இருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். எக்ஸிஃபில் இருப்பது கேமராக் கடிகாரம் காட்டிய உள்ளூர் நேரம். எந்த ஊர் நேரம் என்று எழுதவே அதில் முதலில் இடம் கிடையாது, 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் அதற்குப் புலம் சேர்த்தார்கள். எட்டு மணி நேரம் முந்திய நாட்டில் புத்தாண்டு அன்று காலை ஆறு மணிக்கு எடுத்த படத்தில் யுடிசியை அப்படியே எழுதினால், அது முந்தைய ஆண்டு டிசம்பர் 31 இரவு பத்து மணிப் படமாகி, வேறு ஆண்டின் கோப்புறைக்குள் போய்விழும். எக்ஸிஃப்டூல் நொடிகளை மாற்றும்போது நம் கணினியின் வலயத்தை எடுத்துக்கொள்ளும். வீட்டில் எடுத்த படங்களுக்கு அது சரி. பயணப் படங்களைத் தனிக் கோப்புறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டு வலயத்தைக் கொடுத்து ஓட்ட வேண்டியிருந்தது.

படத்தையும் ஜேசானையும் பெயரால்தான் பொருத்த முடியும். பெயர்களோ ஒழுங்காக இல்லை. நீளமான பெயர்களை ஜேசான் பக்கம் வெட்டிவிடுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் படத்தின் பெயரில் அடைப்புக்குறி எண் வகையொட்டுக்கு (.jpg போன்ற கடைசிப் பகுதிக்கு) முன்னால் வரும். ஜேசானில் வகையொட்டுக்குப் பின்னால் வரும். திருத்திய படத்துக்குப் பெயரின் கடைசியில் ஒரு ஒட்டு சேரும். அதற்குத் தனி ஜேசான் கிடையாது, மூலத்தின் ஜேசானையே பகிர்ந்துகொள்ள வேண்டும். மூன்று விதிகளையும் ஸ்கிரிப்டில் எழுதிய பிறகும் பொருந்தாமல் நின்றவற்றைக் கையால் முடித்தேன். அந்தக் கைவேலையைக் குறைக்க இன்னும் புத்திசாலித்தனமான ஸ்கிரிப்ட் எழுதலாம் என்று உட்கார்ந்தது வீண். கையால் செய்வதைவிட அது அதிக நேரம் தின்றது.

இடத்தை எழுதும்போது ஒரு வேடிக்கை. இடம் தெரியாத படங்களுக்கு ஜேசானில் அட்சம் 0, தீர்க்கம் 0 என்று இருக்கும். வடிகட்டாமல் எழுதியதும், வரைபடத்தில் பல்லாயிரம் படங்கள் ஆப்பிரிக்காவின் மேற்கே கினியா வளைகுடாவின் நடுக்கடலில் குவிந்தன. பூமத்திய ரேகையும் கிரீன்விச் ரேகையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. இரண்டும் பூஜ்யமென்றால் எழுதாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்து மறுபடி ஓட்டினேன். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்பதை எக்ஸிஃப் தனிப் புலத்தில் வைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணை மட்டும் எழுதி அதை விட்டுவிட்டால் தெற்கத்திப் படங்கள் வடக்கே போய்விடும்.

வேறு சில படங்களில் இடமே காணவில்லை. போனில் பார்த்தால் இருக்கிறது, நகலில் இல்லை. ஆண்ட்ராய்டு 10இலிருந்து, இடத்தைப் படிக்கத் தனி அனுமதி இல்லாத செயலிக்குப் படத்தைக் கொடுக்கும்போது அமைப்பே இடத் தகவலை நீக்கிக் கொடுக்கிறது. தனியுரிமைக்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். நான் இடைக்காலத்தில் பயன்படுத்திய நகலெடுக்கும் செயலிக்கு அந்த அனுமதி இல்லை. அந்தப் படங்களைக் கேபிள் வழியே மறுபடி எடுத்தேன்.

உரையாடல் செயலிகள் வழியே வந்த படங்களில் எக்ஸிஃப் துடைக்கப்பட்டிருக்கும். கோப்புப் பெயரில் எட்டு இலக்கத் தேதியும் அதன்பின் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். எட்டு இலக்கத்தை மட்டும் எடுத்து, நேரத்துக்கு நண்பகல் 12 என்று இட்டேன். வரிசை எண்ணை நேரமாக எடுத்துக்கொள்ள விடக் கூடாது. பெயரிலுள்ள தேதி படம் எடுத்த நாள் அல்ல, கைக்கு வந்த நாள்தான். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை. வேறு சில பழைய ஸ்கேன்களில் ஸ்கேன் செய்த நாள் எடுத்த நாளாகப் பதிவாகியிருந்தது. ஆண்டு தெரிந்தவற்றுக்கு அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று எழுதினேன். நள்ளிரவு நேரத்துடன் ஜனவரி 1 என்று கண்டால் அது ஊகத் தேதி என்பது என் ஏற்பாடு.

இடையே எக்ஸிஃப்டூல் சில கோப்புகளை மறுத்தது. பெயரில் ஹெய்க் என்ற பட வகை இருக்கிறது, உள்ளே இருப்பது ஜேபெக் வகை போலத் தெரிகிறது என்று செய்தி. சேவை எங்கோ வகைமாற்றம் செய்துவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறது. உள்ளடக்கத்தைப் பார்த்து வகையொட்டைத் திருத்தும் வேலையை எக்ஸிஃப்டூலே செய்துகொடுத்தது.

பெயர் மாற்றுதல்

ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று எல்லாக் கோப்பும் பெயர் பெற்று அந்தந்த மாதக் கோப்புறைக்குப் போக வேண்டும். எக்ஸிஃப்டூலுக்கு ஒரு வரி வேலை. தொடர்ச்சியாகச் சுட்ட படங்கள் ஒரே நொடியில் விழும். மோதினால் பின்னால் எண் சேர் என்று சொல்லிவிடலாம்.

அசையும் நிழற்படங்கள்தான் வம்பு செய்தன. சில போன்களில் ஒரு படம் என்பது ஒரு நிழற்படமும் அதே பெயரில் மூன்று நொடிக் காணொளியும். நிழற்படத்தின் தேதி உள்ளூர் நேரம். குயிக்டைம் வகைக் காணொளியின் அடிப்படைத் தேதிப் புலம் யுடிசி. தேதியை வைத்து இரண்டையும் பெயர் மாற்றினால் ஜோடி பிரிந்து, மணிக்கணக்கான இடைவெளியில் போய் உட்காரும். காணொளியைத் தன் தேதியால் பெயரிடாமல், ஜோடிப் படத்தின் புதுப் பெயரையே அதற்கும் கொடுக்கும்படி மாற்றினேன்.

படத் தொகுப்பு மென்பொருளின் பெட்டகம்

இங்கே சினம் மிச்சமிருக்கிறது. பெட்டகத்தைத் திறந்து பார்த்தால் படங்கள் பொருளற்ற நீண்ட பெயர்களில், பொருளற்ற கோப்புறைகளில். ஆல்பம், குறிச்சொல், மதிப்பெண், வெட்டியது, நிமிர்த்தியது எல்லாம் அதன் தரவுத்தளத்தில். ‘மாற்றாத மூலம்’ என்று ஏற்றுமதி செய்தால் திருத்தங்கள் வராது. திருத்தத்தோடு ஏற்றுமதி செய்தால் ஜேபெக்காக மறுபடி அழுத்தித் தருகிறது. இரண்டையும் எடுத்தேன்: மூலம் எல்லாவற்றுக்கும், திருத்தியது உண்மையிலேயே உழைத்துத் திருத்திய சில நூறு படங்களுக்கு மட்டும். குறிச்சொற்களை எக்ஸ்எம்பி துணைக்கோப்புகளாக (படத்தின் பக்கத்தில் நிற்கும் தகவல் கோப்புகளாக) எடுக்கும் தெரிவு ஏற்றுமதித் திரையின் அடியில் ஒளிந்திருந்தது. ஆல்பங்கள் எந்த வழியிலும் வரவில்லை. ஏற்றுமதிக்கு முன் ஒவ்வொரு ஆல்பத்தையும் திறந்து, அதன் பெயரையே குறிச்சொல்லாக எல்லாப் படங்களுக்கும் ஒட்டியது கைகொடுத்தது. சலிப்பான வேலை, ஆனால் ஆல்பங்கள் அப்படித்தான் பிழைத்தன.

மாற்று மென்பொருளாக டிஜிகேமை வைத்திருக்கிறேன். இடைமுகம் அழகு என்று சொல்லமாட்டேன். அமைப்புத் திரைகளில் தொலைந்துபோகலாம். ஆனால் படங்களை இருக்கும் கோப்புறையிலேயே விட்டுவிடுகிறது, குறிச்சொல்லைக் கோப்புக்குள் எழுது என்றால் எழுதுகிறது. அந்தத் தெரிவை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். இனி ஒரு படத் தொகுப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் முதல் கேள்வி, நாளைக்கு இதை நீக்கினால் கோப்புறையில் என்ன மிஞ்சும் என்பதுதான்.

இரட்டைப் படங்கள்

மூன்று ஊற்றுகளிலிருந்து வந்ததால் ஒரே படம் பல. முழுக் கோப்பின் ஹாஷை ஒப்பிட்டால், தேதி எழுதிய பிரதியும் எழுதாத பிரதியும் வேறென்று காட்டும். ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். எக்ஸிஃப்டூலின் புதிய பதிப்புகளில் தகவல் பகுதியை விட்டுவிட்டுப் படத் தரவுக்கு மட்டும் ஹாஷ் கணக்கிடும் வசதி இருக்கிறது. அச்சு அசலான இரட்டைகளை அது பிடித்தது. தரம் குறைத்த பிரதிகளைப் பிடிக்க டிஜிகேமின் ஒப்புமைத் தேடலை ஒத்தமை 95 சதவீதத்துக்குமேல் என்று வைத்து ஓட்டி, ஒவ்வொரு ஜோடியிலும் பெரிய கோப்பை வைத்துக்கொண்டேன். 90க்கு இறக்கியதும் தொடர்ச்சியாகச் சுட்ட படங்களையெல்லாம் இரட்டை என்றது. தானாக அழிக்கும் எதையும் இங்கே நம்பக் கூடாது. சந்தேகமானவற்றை ‘அழிக்கலாமா’ என்ற கோப்புறைக்கு நகர்த்தியதோடு சரி.

அழித்தல், அதன்பின்

இரண்டாம் வட்டுக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் நகல். தேதியும் அளவும் ஒத்திருந்தால் தாண்டிப்போகும் வழக்கமான முறையில் ஒருமுறை. பிறகு ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் வாசித்து ஒப்பிடும் முறையில் இன்னொரு முறை. பெரிய கட்டளை எதற்கும் முன் ஒத்திகைத் தெரிவைக் கொடுத்து, என்ன செய்யப்போகிறது என்று படித்துப் பார்த்தேன். அந்த இரண்டாம் வட்டு வேறு வீட்டில் இருக்கிறது.

கிளவுட்டில் அழிக்கும் முன் எல்லாச் சாதனங்களிலும் அந்தச் செயலியிலிருந்து வெளியேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழிப்பு போன்வரை பாயும். அழித்தவை குப்பைத்தொட்டியில் சேவையைப் பொறுத்து 30 நாளோ 60 நாளோ தங்கும். அந்த இடைவெளியில் ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் சில படங்களை எடுத்து, வட்டில் திறந்து, தேதியும் இடமும் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடுபட்டிருந்தது ஒரு பகிர்வு ஆல்பம்: மற்றவர்கள் போட்ட படங்கள் என் ஏற்றுமதியில் வராது. அதை மட்டும் தனியாக இறக்கினேன்.

போனிலிருந்து கணினிக்கு இனி மாதம் ஒருமுறை கேபிள்தான். சாதனங்களிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் நிரலை வைத்து வீட்டு வலையமைப்பிலேயே நகர்த்திப் பார்த்தேன். வேகமாக இருக்கிறது. ஆனால் அதுவும் ஒத்திசைவே. போனில் அழித்தால் கணினியிலும் போகும், பெறும் பக்கத்தில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும்படி அமைத்தாலொழிய. அந்த அமைப்பை முழுதாக நம்பும்வரை கேபிள்.

மறுபடி செய்வதாக இருந்தால் 2 டிபி வட்டோடு தொடங்குவேன். தேதி எழுதும் வேலையை ஒரே ஒரு மாதத்தின் கோப்புறையில் முழுச் சுற்றும் ஓட்டி, டிஜிகேம் வரைபடத்தில் பார்த்த பிறகே மொத்தத்தில் கைவைப்பேன். கினியா வளைகுடா அப்போதே கண்ணில் பட்டிருக்கும். படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டுமென்றால் எந்தச் சேவையின் பக்கத்திலும் எழுதாமல் கோப்புக்குள்தான் எழுதுவேன்.

‘தேதி தெரியாதவை’ என்ற கோப்புறையில் இன்னும் 1,140 படங்கள் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாழ்த்து அட்டைகளும் திரைப்பிடிப்புகளும், அவசரமில்லை. அவசரமானது வேறு. அண்மையில் கணினி ஒரு பெரிய புதுப்பிப்பை முடித்துக்கொண்டு எழுந்தபோது, கோப்புகளைப் பாதுகாக்கும் அதே திரை, அதே பெரிய பொத்தானோடு மறுபடி வந்தது. வெளிறிய வரியைத் தேடிச் சொடுக்கினேன். ‘படங்கள்’ கோப்புறையின் பண்புகளில் அதன் முகவரி மாறவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் இதைப் பார்க்க நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.